வோல்டாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

கானாவுக்கு வேலை நிமித்தமாக வரும் நம்மவர்களில் பலர் அக்ராவையும் டேமா துறைமுகத்தையும் தாண்டுவதில்லை. நீண்ட விடுமுறை கிடைத்தால் மேற்கே கேப் கோஸ்ட் கோட்டைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நானும் முதல் ஓராண்டு அப்படித்தான் இருந்தேன். கிழக்கே மூன்று நான்கு மணி நேரத் தொலைவில் அருவியும் மலையூரும் தறிச்சத்தமும் உப்பங்கழியும் காத்துக் கிடக்கின்றன என்பதை ஓர் ஓட்டுநர் சொல்லித்தான் அறிந்தேன். அவர் எவே இனத்தவர். "எங்கள் ஊர்ப்பக்கம் போகாமல் கானாவைப் பார்த்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றார். கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

அந்த ஊர்ப்பக்கம்தான் வோல்டா மண்டலம். வோல்டா ஏரிக்கும் டோகோ நாட்டு எல்லைக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கும் நிலம். தெற்கே கடலும் கழியும், நடுவில் பசும் மலைகள். வடபகுதியை 2019-இல் ஓட்டி மண்டலம் என்று தனியே பிரித்துவிட்டார்கள். பழைய வரைபடத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள். தலைநகரின் பெயர் ஹோ. ஓரெழுத்துதான்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே நீங்கள் பார்க்கப்போகும் இடங்களில் பெரும்பாலானவற்றைப் பராமரிப்பது ஏதோ ஒரு கிராமம். அருவிக்குப் போகும் வழியில் ஊராரின் அலுவலகம் இருக்கும். மலையடிவாரத்தில் ஊராரின் வழிகாட்டி நிற்பார். வாசலில் நின்று வணக்கம் சொல்லி, பெயரெழுதி, கட்டணம் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஒரே நாளில் நான்கு இடம் என்று கணக்குப் போட்டு வருகிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். அவர்கள் கேப் கோஸ்ட்டுக்கே போகலாம்.

முதலில் ஊசி, பிறகு விசா

கானாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். எங்கே வேண்டுமானாலும் இதைப் போட்டுக்கொள்ள முடியாது; அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும்; கூட்டமும் உண்டு. போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். ஒருமுறை போட்டால் வாழ்நாளுக்கும் போதும்; பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற பழைய விதி 2016-இல் போய்விட்டது.

இந்தச் சிறு மஞ்சள் அட்டை போகும்போது மட்டுமல்லாமல் திரும்பும்போதும் வேண்டும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து அட்டை இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு.

மலேரியாவை விளையாட்டாக எடுக்க வேண்டாம். நம் ஊரிலும் கொசு உண்டே என்று சொல்வோர் ஆப்பிரிக்க மலேரியாவின் கடுமையை அறியாதவர்கள். புறப்படும் முன்பே மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை வாங்குங்கள். பயணம் முடிந்த பிறகும் சொன்ன நாள்வரை விழுங்குங்கள். திரும்பி வந்து சில வாரங்களில் காய்ச்சல் கண்டால், மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது "மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன்" என்பதைத்தான்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். தங்குமிட முன்பதிவோ அழைப்புக் கடிதமோ கேட்பார்கள். டோகோவையும் எட்டிப் பார்க்கும் எண்ணமிருந்தால் பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள், டோகோவுக்கும் தனி விசா எடுங்கள். இங்கே சில மலைப்பாதைகள் எல்லையை ஒட்டியே போகின்றன. அருவிக்குப் போகிறேன் என்று நாடு மாறிவிடக் கூடாது.

சென்னையிலிருந்து அக்ராவுக்கு நேர் விமானம் இல்லை. துபாய் போன்ற ஓரிடத்தில் மாறித்தான் போக வேண்டும். கானா நேரம் நமக்கு ஐந்தரை மணி பின்னால் இருப்பதால், முதல் இரண்டு நாள் விடியற்காலை மூன்றுக்கே விழிப்பு வரும். மலைப் பயணத்துக்கு அதுவும் நல்லதே.

எந்த மாதம்

நவம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு, பாதை காய்ந்திருக்கும். ஆனால் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் சகாராவிலிருந்து ஹர்மாட்டன் என்ற வறண்ட காற்று தூசியைச் சுமந்து வரும். வானம் சாம்பல் பூத்துவிடும். மலையுச்சியில் ஏறி நின்றாலும் எதிர்மலை தெரியாது. உதடு வெடிக்கும். அருவியிலும் தண்ணீர் மெலிந்திருக்கும். மே, ஜூனில் நேர்மாறு: அருவி பொங்கும், பாதை வழுக்கும்.

என் தேர்வு நவம்பர் தொடக்கம். மழை விட்டிருக்கும், அருவியில் நீர் குறைந்திருக்காது. தெற்கே அன்லோகாவில் ஹொக்பெட்சோட்சோ திருவிழாவும் அந்த மாதத்தின் முதல் சனிக்கிழமைதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், சொல்ல நிறைய இருக்கிறது. செப்டம்பரில் வந்தால் ஹோவில் வள்ளிக்கிழங்கு அறுவடைத் திருவிழா இருக்கும்.

அக்ராவில் ஒரு நாள்

இறங்கிய அன்றே ஓடாதீர்கள். கடவுச்சீட்டைக் காட்டிப் பதிந்து ஒரு சிம் கார்டு வாங்குங்கள். கானா நாணயத்தின் பெயர் செடி; அதில் பணம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹோவிலும் அதற்கு வடக்கே உள்ள ஹோஹோய் நகரிலும் ஏ.டி.எம். உண்டு, மலையூர்களில் கிடையாது. அதைவிட முக்கியம் சில்லறை. பெரிய நோட்டை நீட்டினால் "சேஞ்ச் இல்லை" என்ற பதில் நம் ஊர்ப் பேருந்து நடத்துநர் குரலிலேயே வரும். ஊர்க்காரர்கள் பெரும்பாலும் கைப்பேசிப் பணத்தில், அதாவது மோமோவில், காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள். மின் பொருத்தி இங்கிலாந்து வகைச் சதுர முள்ளுக்கானது வேண்டும்.

சைவர்கள் அன்றைக்கே அக்ராவின் இந்திய மளிகைக் கடையில் ஊறுகாய், அவல், வறுத்த கடலை என்று ஒரு பையை நிரப்பிக்கொள்வது புத்திசாலித்தனம்.

இன்னொரு சிறு தயாரிப்பு: நீங்கள் எந்தக் கிழமையில் பிறந்தீர்கள் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். எவே மக்களிடம் பிறந்த கிழமையே ஒரு பெயர். வெள்ளியில் பிறந்த ஆண் கோஃபி, வியாழன் யாவோ, புதன் கோக்கு. வெள்ளியில் பிறந்த பெண் அஃபி, சனி அமா. போகுமிடமெல்லாம் இதைக் கேட்பார்கள். நம் நீளமான பெயரைச் சொல்லித் திணறடிப்பதைவிட "நான் கோக்கு" என்றால் கடைக்காரர் சிரிக்கிறார், விலையும் சற்று இறங்குகிறது. (பின்னது என் நம்பிக்கை மட்டுமே.)

வண்டி ஏறும் கலை

வசதியாகப் போக ஓட்டுநரோடு கார் எடுக்கலாம். நான்கு பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும். தனியாள் என்றால் டிரோட்ரோ. பழைய வேனில் இருக்கைகளை நெருக்கிப் போட்டு, நடுவழியிலும் மடக்கு இருக்கை வைத்திருப்பார்கள். அக்ராவில் டுடு நிலையத்திலிருந்தும் மடினாவிலிருந்தும் வோல்டாப் பக்கம் வண்டிகள் கிளம்புகின்றன. நேர அட்டவணை என்று ஒன்று கிடையாது, நிரம்பினால் புறப்படும். ஆகவே காலை ஆறரைக்குள் நிலையத்தில் இருங்கள். பாதி நிரம்பிய வண்டியில் ஏறுவதைவிட முக்கால் நிரம்பிய வண்டியில் மோசமான இருக்கை மேல். ஒன்றரை மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து கற்ற பாடம் இது. கதவோரம் நிற்கும் உதவியாளரை "மேட்" என்று அழைப்பார்கள். பெட்டிக்குத் தனிக் காசு கேட்பார், பேரம் பேசலாம்.

சிற்றூர்களுக்குள் போகப் பகிர்வு டாக்சி இருக்கிறது. நீங்கள் மட்டும் தனியாகப் போவதானால் அது "டிராப்பிங்". கட்டணம் மொத்தமாக உங்கள் தலையில். கேட்காமல் ஏறி உட்கார்ந்தால் டிராப்பிங் என்றே எடுத்துக்கொள்வார்கள். மலைச்சாலையில் பைக் டாக்சியும் உண்டு. அதன் பெயர் ஒகாடா. தலைக்கவசம் தராத ஒகாடாவில் நான் ஏறுவதில்லை. மூன்று சக்கர வண்டியைப் பார்த்ததும் உங்களுக்கு ஊர் நினைவு வரும், நம் ஆட்டோவேதான். அதற்கு இங்கே "பிராக்யா" என்று பெயர். இங்கே மொழிமாற்றி ஓடிய ஓர் இந்தித் தொலைக்காட்சித் தொடரின் நாயகி பெயர் அது என்கிறார்கள்.

சனிக்கிழமை இறுதிச்சடங்குகளின் நாள். கறுப்பும் சிவப்பும் உடுத்திய கூட்டம் ஊர் ஊராகப் போகும்; வண்டி கிடைப்பது கடினம். ஞாயிறு நண்பகல் வரை எல்லோரும் தேவாலயத்தில். திட்டம் போடும்போது இந்த இரண்டு நாளையும் நீண்ட பயணத்துக்கு வைக்காதீர்கள். வழியில் போலீஸ் சோதனைச் சாவடிகள் வரும். கடவுச்சீட்டு நகலைச் சட்டைப்பையில் வையுங்கள்.

பாலத்தைக் கடந்து ஹோவுக்கு

அக்ராவிலிருந்து ஹோ ஏறத்தாழ 160 கிலோமீட்டர். பாதி வழிக்கு மேல் போனதும் அட்டிம்போக்குவில் அடோமி பாலம் வரும். 1957-இல், கானா விடுதலை பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன் திறந்த வில் வளைவுப் பாலம். அதுவரை ஆற்றைக் கடக்கப் படகுதான். பாலத்தடியில் பெண்கள் தலையில் தட்டு சுமந்து வண்டிச் சன்னலுக்கு ஓடிவருவார்கள். தட்டில் இருப்பது ஆபோலோ: மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்து இலையில் வைத்து அவித்த மெத்தென்ற அப்பம். லேசான இனிப்பு. இட்லி தின்று வளர்ந்த நாக்குக்கு இது அந்நியமே இல்லை. கூடவே தருவது "ஒன் மேன் தௌசண்ட்" என்ற பொடிமீன் வறுவல்; ஒருவர் ஒரு பிடியில் ஆயிரத்தைத் தின்றுவிடலாம் என்பதால் அந்தப் பெயர். சைவர்கள் ஆபோலோவை மட்டும் கேளுங்கள்.

பாலத்துக்குச் சற்று வடக்கே அக்கோசொம்போ அணை. 1961-இல் தொடங்கி 1965-இல் கட்டி முடித்தார்கள். 1966 ஜனவரியில் கானாவின் முதல் அதிபர் இங்க்ருமா திறந்துவைத்தார். அடுத்த மாதமே அவர் ஆட்சி கவிழ்ந்தது. ஏறக்குறைய 8,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி உண்டானதும், சுமார் 80,000 பேர் ஊரையும் நிலத்தையும் இழந்ததும் இந்த ஓர் அணையால்தான். பார்க்க விரும்பினால் அனுமதியோடு போங்கள். மதிலருகே நின்று கண்டபடி படம் எடுக்காதீர்கள். ஏரியின் தேங்கிய நீரில் கால் நனைக்காதீர்கள். நத்தைவழிப் பரவும் பில்ஹார்சியா என்ற நோய் அணை வந்த பிறகு இங்கே பெருகியது.

ஹோ அமைதியான ஊர். ஒருநாள் தங்கலாம், இரண்டாம் நாள் போரடிக்கும். ஆனால் இதன் தெருக்களில் ஒரு வரலாறு இருக்கிறது. இந்தப் பகுதி முதலாம் உலகப்போர்வரை ஜெர்மன் டோகோலாந்து. பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1956-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில், விடுதலை பெறவிருந்த கானாவோடு சேர முடிவாயிற்று. எல்லைக்கு அந்தப்புறம் டோகோவிலும் எவே மொழியே பேசுகிறார்கள். அத்தை ஒரு நாட்டிலும் மருமகள் இன்னொரு நாட்டிலும் இருப்பது இங்கே சாதாரணம்.

மொழி பற்றி ஒரு சொல். ஆங்கிலம் எங்கும் செல்லும். ஆனாலும் "வோய்ஸோ" என்று யாராவது சொன்னால் நல்வரவு என்று பொருள். "யோ" என்று பதில் சொல்லுங்கள். நன்றிக்கு "அக்பே". இதில் வரும் "க்ப" தனி ஒலி. க-வையும் ப-வையும் ஒரே நேரத்தில், உதட்டையும் தொண்டையையும் சேர்த்துத் திறந்து சொல்ல வேண்டும். எனக்கு ஒரு மாதமாயிற்று. குழந்தைகள் "யெவு! யெவு!" என்று கூவிக்கொண்டு பின்னால் வருவார்கள். வெள்ளைக்காரருக்கான சொல்தான், நமக்கும் அதையே தந்துவிடுகிறார்கள்.

மலையூரும் குரங்குக் காடும்

ஹோவிலிருந்து வடக்கே மலையேறினால் அமெட்சோஃபே. பெயருக்கே மனிதர் தோன்றிய இடம் என்று பொருள். அவாட்டிமே மக்களின் ஊர். இவர்களுக்குத் தனிமொழி உண்டு. ஜெர்மனியின் பிரேமன் நகரத்து மிஷனரிகள் 1889-இல் இங்கே நிலையம் அமைத்தார்கள். ஊருக்கு மேலே கெமி குன்றின் உச்சியில் இரும்புச் சிலுவை நிற்கிறது. அரைமணி நடை. அதிகாலையில் போனால் மேகம் உங்களுக்குக் கீழே கிடக்கும். ஊருக்குக் கீழே ஓட்டே அருவி. இறங்கும் பாதையின் கடைசிப் பகுதி செங்குத்தானது, கயிற்றைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கெமியோடு நிறுத்திக்கொள்ளலாம். இரவில் குளிரும், ஒரு போர்வை அல்லது தடித்த சட்டை கொண்டுவாருங்கள்.

அங்கிருந்து அடுத்தது டாஃபி அட்டோமே. இங்கே மோனா குரங்குகள் புனிதமானவை. ஊராரின் முன்னோர் ஏறத்தாழ 200 ஆண்டுக்கு முன் இடம்பெயர்ந்து வந்தபோது ஓர் ஆமைத் தெய்வத்தைக் கொண்டுவந்தார்கள். பின்னாலேயே குரங்குகளும் வந்து சேர்ந்தன. ஆமைக்காகப் பேசும் தூதர்கள் அவை என்று நம்பினார்கள். கிறித்தவம் பரவிய பிறகு குரங்குகளைக் கொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு தளர்ந்து, வேட்டையும் மரம் வெட்டுவதும் தொடங்கின. 1990-களில் ஊரே கூடிக் காட்டைக் காப்பகமாக்கியது. கட்டணத்தில் ஒரு பங்கு ஊருக்குப் போகிறது.

காலை ஆறு மணிக்குப் போங்கள். வெயில் ஏறினால் குரங்குகள் உள்காட்டுக்குப் போய்விடும். வழிகாட்டி கையில் வாழைப்பழத்தைத் தந்து இறுகப் பிடிக்கச் சொல்வார். குரங்கு உங்கள் தோளில் உட்கார்ந்து நீங்கள் பிடித்திருக்கப் பிடித்திருக்கவே பழத்தை உரித்துத் தின்னும். படத்துக்கு நன்றாக இருக்கும். நகக்கீறல் பட்டால் அவ்வளவு நன்றாக இருக்காது. நான் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதையே விரும்புகிறேன். அதற்கும் அதே கட்டணம்தான்.

பக்கத்திலேயே டாஃபி அபுய்பே, நெசவாளர் ஊர். கென்டே துணியை அசாண்டி மக்களின் சொத்து என்றே உலகம் நினைக்கிறது. எவே மக்களிடம் இந்த வாதத்தைத் தொடங்கினால் மாலைவரை முடியாது. 2024-இல் யுனெஸ்கோ கானாவின் கென்டே நெசவைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது இரு தரப்புமே மகிழ்ந்தார்கள். எவே கென்டேயில் பறவை, மீன், மனிதர், நாற்காலி என்று உருவங்கள் வரும்.

தறியைக் கட்டாயம் உட்கார்ந்து பாருங்கள். பாவு நூல் பல மீட்டர் தூரம் முற்றத்தில் நீண்டு கிடக்கும். அதன் நுனியில் பாரத்துக்குக் கல். துணி நீள நீளக் கல் மெல்ல நகர்ந்து நெசவாளரை நோக்கி வரும். கால்விரல் இடுக்கில் பிடித்த கயிற்றால், பாவு நூல்களைப் பிரிக்கும் விழுதை ஏற்றி இறக்குகிறார். நெய்வது நான்கு விரல் அகலப் பட்டை மட்டுமே. அப்படிப்பட்ட பட்டைகளைச் சேர்த்துத் தைத்தால்தான் ஒரு முழுத்துணி. அச்சடித்த போலிக் கென்டேயைக் கண்டுபிடிக்க இதுவே வழி: துணியைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் வெளுத்திருந்தால் அச்சு, பட்டைக்குப் பட்டை தையல் இருந்தால் நெசவு. முழுத்துணி விலை கூடுதல். ஒற்றைப் பட்டை வாங்கித் தோளில் போட்டுக்கொள்ளலாம். கைத்தறிக்காரரிடம் பேரம் பேசுவதில் எனக்கு மனமில்லை. நீங்கள் பேசுவதானால் சிரித்துக்கொண்டே பேசுங்கள்.

வ்லி அருவியும் அஃபாஜா மலையும்

ஹோஹோய் நகரில் பையை வைத்துவிட்டு வ்லிக்குப் போகலாம், சுமார் 20 கிலோமீட்டர். வ்லியிலேயே எளிய விடுதிகள் இருப்பதால் நான் அங்கேதான் தங்குவேன். கானாவின் மிக உயரமான அருவி இது. ஆற்றின் பெயர் அகுமாட்சா. என்னைப் பாய விடு என்று பொருள் சொல்கிறார்கள்.

கீழருவிக்குக் காட்டுவழியில் முக்கால் மணி நேர நடை. ஆற்றை ஒன்பது பத்து இடங்களில் சிறு பாலங்களால் கடக்கிறீர்கள். வயதானவர்களும் குழந்தைகளும் எளிதாக நடக்கலாம். கொக்கோ, வாழை, அன்னாசித் தோட்டங்கள் வழியெல்லாம். அருவி கண்ணில் படுவதற்கு முன் காற்றில் ஈரம் படும். தண்ணீர் விழும் பாறைச்சுவர் முழுக்கக் கறுப்பாக அசைவதைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பழந்தின்னி வௌவால்கள். சாயங்காலம் அவை மொத்தமாகக் கிளம்பும்.

மேலருவி வேறு சங்கதி. போய்வர நான்கைந்து மணி நேரம், செங்குத்தான ஏற்றம். பிடிப்புள்ள காலணி, ஒரு தடி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், வழிகாட்டி ஆகிய நான்கும் இல்லாமல் போகாதீர்கள். காலை எட்டுக்குள் தொடங்குங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் என்பதால் மாலை ஆறு மணிக்குப் பொழுது சட்டென்று சாய்ந்துவிடும். நான் முதல்முறை ரப்பர் செருப்போடு போய்ப் பாதியில் திரும்பினேன். வழிகாட்டி எதுவும் சொல்லவில்லை. என் காலைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அடுத்த நாள் லியாட்டி வோட்டே என்ற சிற்றூர். கானாவின் உச்சியான அஃபாஜா மலை, 885 மீட்டர், இங்கிருந்து ஏறுகிறது. உயரத்தைக் கேட்டு ஏளனமாக நினைக்க வேண்டாம். சுற்றி வளைக்காமல் நேராக மேலே போகும் பாதை. ஒன்றரை மணி நேரத்தில் உச்சி. தெளிந்த நாளில் ஒருபுறம் வோல்டா ஏரி மின்னும், மறுபுறம் டோகோ மலைகள். இறங்கியதும் கால் நடுங்கும். அப்போது ஊருக்குப் பின்னால் இருக்கும் டாக்போ அருவிக்கு நடந்து குளத்தில் இறங்கினால் சரியாகிவிடும்.

தெற்கே, கடலுக்கும் கழிக்கும் நடுவே

மலை முடிந்ததும் பலர் அக்ராவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். என் கருத்தில் அது பாதிப் பயணம். சோகாகோப்பேப் பக்கமாக இறங்கி, டபாலா சந்திப்பில் திரும்பி, அன்லோகா வழியாகக் கேட்டாவுக்கு வாருங்கள். சோகாகோப்பேயில் வண்டி நின்றதும் சன்னல்வழியே ரொட்டி வரும், வாங்குங்கள்.

அன்லோகாவில் சாலையின் இருபுறமும் மணலில் பாத்தி கட்டி வளர்ப்பது சின்ன வெங்காயம். ஆம், நம் சாம்பார் வெங்காயத்தின் உடன்பிறப்பு. கடலுக்கும் உப்புக்கழிக்கும் நடுவே இவ்வளவு குறுகிய மணல்திட்டில், ஆழமில்லாத கிணறு தோண்டி நன்னீர் எடுத்துப் பாய்ச்சுகிறார்கள். விளைநிலம் கையகலம் என்பதால் ஒரு சாண்கூடத் தரிசாக விடுவதில்லை.

ஹொக்பெட்சோட்சோ விழா இவர்கள் இங்கே வந்த கதையைச் சொல்கிறது. இன்றைய டோகோவில் உள்ள நொட்சேயில், அகோகோலி என்ற கொடுங்கோல் மன்னனின் மதிலுக்குள் எவே மக்கள் அடைபட்டிருந்தார்கள். பெண்கள் பாத்திரம் கழுவிய தண்ணீரை நாள்தோறும் மண்மதிலின் ஒரே இடத்தில் ஊற்றினார்கள். மதில் ஊறி இளகியது. ஒரு இரவு முரசொலியின் மறைவில் அதை உடைத்து வெளியேறி, தேடி வருபவர்களை ஏமாற்றக் காலடி உள்நோக்கிப் பதியும்படி பின்னோக்கி நடந்தார்கள். தலைவர் வென்யா இந்தக் கடற்கரைக்கு வந்ததும் களைத்து, "சுருண்டுவிட்டேன்" என்றாராம். அதிலிருந்து அன்லோ என்ற பெயர். இந்த விழாவை இப்போதைய வடிவில் 1962-இல் தொடங்கினார்கள். இடைவாரை இறுக்கு என்று பொருள்படும் மிசெகோ ஆட்டத்தில் பின்னோக்கி நகரும் அடவு வரும்போது, கதை தெரிந்தவருக்கு மயிர்க்கூச்செறியும். விழா வாரத்தில் அறை கிடைக்காது. இரண்டு மாதம் முன்பே பிடியுங்கள்.

கேட்டாவில் பார்க்க வேண்டியது பிரின்சென்ஸ்டைன் கோட்டை, அல்லது அதில் மிஞ்சியது. 1784-இல் டேனிஷ்காரர்கள் கட்டியது. அடிமைகளை அடைத்துவைத்த இருட்டறைகள் இன்னும் நிற்கின்றன. ஒரு பாதியைக் கடல் 1980-இல் கொண்டுபோயிற்று. நம் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய அதே டென்மார்க்தான் இங்கேயும். தரங்கம்பாடியை 1845-இலும் இந்தக் கரையிலிருந்த கோட்டைகளை 1850-இலும் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். தரங்கம்பாடிக் கடற்கரையில் காற்று வாங்கியவர்கள், அந்த வணிகக் கணக்கேட்டின் இன்னொரு பக்கத்தைக் கேட்டாவில் படிக்கலாம். உள்ளே சிரித்துக்கொண்டு தற்படம் எடுப்பவர்களை வழிகாட்டி தடுப்பதில்லை. ஆனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்.

கடல் இன்னும் விடவில்லை. 2004-இல் முடிந்த தடுப்புச்சுவர்ப் பணி நகரின் ஒரு பகுதியைக் காத்தது. 2021 நவம்பரில் சுவர் இல்லாத ஊர்களில் அலை புகுந்து ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். இங்கே கடலில் குளிக்காதீர்கள், இழுப்பு அதிகம். பதிலாக மாலையில் கழியில் படகேறிப் பறவை பாருங்கள். கேட்டா சந்தை நான்கு நாளுக்கு ஒருமுறை. உங்கள் விடுதியில் கேட்டால் அடுத்தது எப்போது என்று விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள்.

வயிறும் கையும்

இறைச்சி உண்போருக்கு இங்கே குறையில்லை: அக்ப்லே என்ற களியும் மீனோ இறைச்சியோ சேர்த்த வெண்டைக்காய்ச் சாறும் எவே வீட்டின் அன்றாட உணவு. கையால் உண்பதால் நமக்குக் கூச்சம் இல்லை. வழுவழுப்புக்குத்தான் கொஞ்சம் பழக வேண்டும். சைவர்கள் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் வரும். "மீனும் வேண்டாம், கருவாட்டுப்பொடியும் வேண்டாம்" என்று விரித்துச் சொல்லுங்கள். ஷிட்டோ என்ற கறுப்பு மிளகாய்த் தொக்கு நம் தொக்கைப் போலவே மணக்கும். அதில் கருவாடும் இறாலும் இருக்கின்றன. காராமணியும் சோறும் சேர்ந்த வாச்சேயைக் குழம்பில்லாமல் வாங்கலாம். வறுத்த வாழைப்பழமும் வேகவைத்த காராமணியும் சேர்ந்த "ரெட் ரெட்" நல்லது, கேட்டுவிட்டு உண்ணுங்கள். தெருவோரத்தில் சுட்ட வாழைக்காயும் நிலக்கடலையும் எந்தக் கேள்வியும் இல்லாமல் கிடைக்கும். "பேர்" என்று விற்பது வெண்ணெய்ப்பழம். பொட்டலத் தண்ணீர் எங்கும் உண்டு. முத்திரை பார்த்து வாங்குங்கள்.

இடக்கையால் எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இங்கே இடக்கையால் கையசைப்பதும் வழிகாட்டுவதும்கூட அவமரியாதை. வலக்கையில் பை இருந்தால் இறக்கி வைத்துவிட்டுக் கொடுங்கள். கடையில் விலை கேட்கும் முன் வணக்கம், நலம் விசாரிப்பு. ஊர்த்தலைவரைச் சந்திக்க நேர்ந்தால் வெறுங்கையோடு போகாதீர்கள். என்ன கொண்டுபோவது என்று வழிகாட்டியே சொல்வார், பெரும்பாலும் ஒரு புட்டி ஷ்னாப்ஸ் என்ற மது. அவரோடு நேராகப் பேசாமல் அருகில் நிற்கும் பேச்சாளர் வழியாகப் பேசுவது முறை. வெள்ளைத்துணி கட்டிய மரத்தையும் குடிலையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

திரும்புவது

கேட்டாவிலிருந்து அக்ராவுக்கு நேர் வண்டி காலையில் உண்டு. ஞாயிறு மாலை மட்டும் வேண்டாம். இறுதிச்சடங்குக்கு ஊருக்குப் போன அக்ராக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே சாலையில் திரும்புவார்கள். விமானத்துக்கு முந்தைய நாளே அக்ராவில் இருங்கள். ஷிட்டோப் புட்டியையும் கென்டேவையும் பெட்டியில் போடுங்கள். மஞ்சள் அட்டையைப் பெட்டியில் போடாதீர்கள். சென்னையில் குடியேற்ற வரிசைக்கு முன்பே சுகாதார மேசையில் அதைக் கேட்பார்கள், பெட்டி அப்போது இன்னும் பட்டையில் ஏறியிருக்காது.